மழைக் குட்டையில் பிறக்கும் தும்பி

மத்திய ஜல சக்தி அமைச்சகம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியிட்ட முதலாவது நீர்நிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 24,24,540 நீர்நிலைகள் உள்ளன. குளம், ஏரி, நீர்த்தேக்கம், தடுப்பணை ஆகியவை இக்கணக்கில் அடங்கும். செங்கல் சூளைக்காக மண்ணெடுத்த பள்ளம், கட்டட வேலைக்குத் தோண்டிய குழி போன்றவற்றில் மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் தற்காலிக நீர் இதில் சேர்க்கப்படவில்லை. இதில் குறை காண்பதற்கில்லை. இன்று இருந்து மூன்று மாதத்தில் மறைந்துபோகும் நீரை எந்தப் பதிவேட்டில் எழுதி வைப்பது? ஆயினும், பதிவேட்டில் இடம்பெறாத அந்த நீரையே தன் தொட்டிலாகக் கொண்டு, ஒரு பெருங்கடலையும் கடக்கும் ஆற்றல் படைத்த உயிர் ஒன்று இந்நாட்டில் கோடிக்கணக்கில் வாழ்கிறது. மழைக்காலத்தில் வயல்வெளிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தும்பியே அது.

தும்பி, தட்டான், தட்டாரப்பூச்சி என்று தமிழில் பொதுவாக வழங்கும் பூச்சிகளில், ஊசித்தட்டான்களையும் சேர்த்து ஏறத்தாழ 500 இனங்கள் இந்தியாவில் உண்டு. இவற்றை முறைப்படி ஆராய்ந்து தொகுத்தவர் எஃப். சி. ஃபிரேசர். இந்திய மருத்துவப் பணியில் இருந்த இராணுவ அதிகாரியான இவர், பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் குறித்த நூல் வரிசையில் தும்பிகளைப் பற்றி எழுதிய மூன்று தொகுதிகளும் 1933 முதல் 1936 வரை வெளிவந்தன. இவ்வுரைக்குரிய இனத்தின் விஞ்ஞானப் பெயர் பாண்டலா ஃபிளாவசென்ஸ் என்பதாகும். 'முழுவதும் சிறகே' என்னும் பொருள்பட அமைந்தது முதற்சொல். 'மஞ்சள் படர்ந்தது' என்பது இரண்டாவது சொல்லின் பொருள். உடல் நீளம் ஏறத்தாழ நாலரை சென்டி மீட்டர். பின்னிறகின் அடிப்பகுதி பிற தும்பிகளுக்கு உள்ளதைக் காட்டிலும் அகன்றிருக்கும். சிறகை அடிக்காமலே காற்றில் நெடுந்தூரம் மிதந்து செல்ல இந்த அகலமே துணை செய்கிறது.

கேரள மக்கள் இதனைத் துலாத்தும்பி என்பர். துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், பெருந்திரளாகத் தென்படுவதால் இப்பெயர் வந்தது. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது தமிழ்நாட்டு உழவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. மழை கொணரும் காற்றோடு இந்த இனமும் வந்து சேருகிறது என்பதை நோக்கும்போது, அந்நம்பிக்கை முற்றிலும் அடிப்படையற்றது எனத் தள்ளிவிட முடியாது.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிப் பள்ளங்களில் நீர் தேங்கியவுடன் இதன் இனப்பெருக்கம் தொடங்குகிறது. பெண் தும்பி நீர்ப்பரப்பின்மேல் தாழப் பறந்து, வயிற்றின் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டைகளை இடுகிறது. பல வேளைகளில் ஆண் தும்பி பெண்ணின் தலைப்பகுதியைத் தன் வால்நுனிக் கொளுவிகளால் பற்றியவாறே உடன் பறக்கும். வேறோர் ஆண் குறுக்கிடாமலிருக்க இது ஒரு காவல். முட்டைகள் நூற்றுக்கணக்கில் இடப்படுகின்றன. வறட்சியைத் தாங்கிக் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும் உறக்க நிலை இம்முட்டைகளுக்கு இல்லை. சில நாட்களிலேயே பொரித்துவிட வேண்டும். பொரித்த குஞ்சு, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து வெளியேறிவிட வேண்டும். இந்த அவசரத்தை ஒட்டியே அதன் வாழ்வு முழுவதும் அமைந்திருக்கிறது.

வண்ணத்துப்பூச்சிக்கு உள்ளதுபோல் கூட்டுப்புழுப் பருவம் தும்பிக்குக் கிடையாது. முட்டை, நீரில் வாழும் இளவுயிரி, வானில் பறக்கும் முதிர்ந்த தும்பி என மூன்றே பருவங்கள்தாம். இளவுயிரியைப் பார்த்தவர்கள் அதனைத் தும்பியின் குஞ்சு என்று எளிதில் நம்பமாட்டார்கள். பசுமையும் பழுப்பும் கலந்த நிறம், ஆறு கால்கள், பெரிய கண்கள், சிறகுகளுக்குப் பதில் முதுகில் நான்கு சிறு மொட்டுகள். அதன் மூச்சுறுப்பு அமைந்துள்ள இடம் வியப்பளிப்பது. குடலின் கடைப்பகுதியில் செவுள்கள் உள்ளன. நீரை ஆசனவாய் வழியே உள்ளிழுத்து, அதில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, மீண்டும் வெளியேற்றுகிறது. ஆபத்து நேரும்போது அதே நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து முன்னோக்கிப் பாய்கிறது. ஜெட் விமானத்தை இயக்கும் தத்துவத்தைச் சேற்றுக் குட்டையிலுள்ள பூச்சி ஒன்று கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறது!

இரை பிடிக்கும் கருவி அதைவிடக் கொடியது. இளவுயிரியின் கீழுதடு நீண்டு, நடுவில் மூட்டுப்பெற்று, தலைக்கு அடியில் மடிந்து கிடக்கும். அதன் நுனியில் இரு கொடுக்குகள் உண்டு. இரை எட்டும் தூரத்திற்கு வந்ததும் மடிப்பு விரிந்து, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் முன்னே பாய்ந்து, இரையைக் கவ்விக்கொண்டு வாய்க்குத் திரும்பிவிடுகிறது. கொசுப்புழு, பிற நீர்ப்பூச்சிகள், சிறிய தலைப்பிரட்டை, தன்னினும் இளைய தும்பிக் குஞ்சு ஆகிய எதையும் அது விட்டுவைப்பதில்லை. பல தும்பி இனங்களின் இளவுயிரிகள் சேற்றில் புதைந்தோ, பாசியில் ஒளிந்தோ இரைக்காகக் காத்திருக்கும். இவ்வினமோ திறந்த நீரில் சுறுசுறுப்பாக அலைந்து திரிந்து வேட்டையாடுகிறது. மிகுதியாக உண்பதால் விரைவாக வளர்கிறது. வெப்பமான நீரில் இளவுயிரிப் பருவம் 38 முதல் 65 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த நாடுகளின் ஓடைகளில் வாழும் சில தும்பிகள் இதே பருவத்தைக் கடக்க மூன்று, நான்கு ஆண்டுகள் கூட எடுத்துக்கொள்கின்றன என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பலமுறை தோலுரித்து வளர்ந்த இளவுயிரி, ஒரு நாள் இரவில் புல்லின் தண்டைப் பற்றிக்கொண்டு நீரைவிட்டு மேலேறுகிறது. முதுகுத்தோல் பிளக்கிறது. முதலில் மார்பும் தலையும், பின்னர் கால்களும், கடைசியில் நீண்ட வயிறும் வெளிவருகின்றன. கசங்கிய துணிபோல் இருக்கும் சிறகுகளுக்குள் உடல் நீர் பாய்ந்து அவற்றை விரிக்கிறது. விடியும் முன் சிறகுகள் ஓரளவு உலர்ந்து இறுகிவிட வேண்டும். இந்தச் சில மணி நேரத்தில் அதனால் ஓடவோ பறக்கவோ இயலாது. எறும்புக்கும் பறவைக்கும் இரையாவது பெரும்பாலும் இப்போதுதான். காலையில் அது முதன்முறையாகப் பறந்து சென்றபின், தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெறுந்தோல் மட்டும் அங்கே மீந்திருக்கும்.

முதிர்ந்த தும்பி பகற்பொழுதின் பெரும்பகுதியைப் பறந்தே கழிக்கிறது. இளைப்பாறும்போது கிளையிலோ புல்லிலோ செங்குத்தாகத் தொங்கும். கொசு, ஈசல், சிறு ஈக்கள் ஆகியவற்றைப் பறக்கும்போதே பிடித்து உண்ணும். தும்பிகளின் வேட்டைத் திறனை அளந்து பார்த்த ஆய்வுகளில், சில இனங்கள் துரத்திய இரையில் 100க்கு 90க்கு மேல் பிடித்துவிடுவது தெரியவந்தது. புலி, சிங்கம் முதலியன இந்தத் தேர்ச்சிக்கு அருகிலும் வருவதில்லை.

மழை ஓய்ந்து குட்டைகள் வற்றத் தொடங்கியபின் இத்தும்பிகள் எங்கே செல்கின்றன? இவ்வினாவிற்கு விடை மாலத்தீவிலிருந்து கிடைத்தது. பவளத்திட்டுகளாலான அத்தீவுகளில் தும்பி பெருகத்தக்க நன்னீர்ப் பரப்பு ஏறக்குறைய இல்லை எனலாம். அவ்வாறிருந்தும் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் பல்லாயிரக்கணக்கான தும்பிகள் அங்கு வந்திறங்குகின்றன. அங்கு வாழ்ந்துவந்த உயிரியல் விஞ்ஞானி சார்லஸ் ஆண்டர்சன், அவை வந்துசேரும் நாட்களைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, 2009இல் தம் முடிவை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து புறப்படும் தும்பிகள் மாலத்தீவு, செஷல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சென்றடைகின்றன என்பதும், அங்கு மழைக் குட்டைகளில் பிறக்கும் அவற்றின் வழித்தோன்றல்கள் பின்னர்ப் பருவக்காற்றோடு திரும்புகின்றன என்பதும் அவருடைய கருத்து. போக வர 14,000 முதல் 18,000 கிலோ மீட்டர். எந்தத் தும்பியும் இச்சுற்றைத் தனியாக முடிப்பதில்லை. நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன.

அக்டோபரில் மாலத்தீவில் கடல் மட்டத்தில் வீசுவது மேற்குக் காற்று. அது தும்பிக்கு எதிர்க்காற்று. ஆயின் 1,000 மீட்டருக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. அந்த உயரத்தில் ஏறி, அகன்ற சிறகை விரித்து மிதந்தே அவை கடலைக் கடக்கின்றன என்று ஆண்டர்சன் விளக்கினார். அவை தென்னிந்தியக் கரையோரத்தில் பிறந்தவைதாமா என்ற ஐயமும் 2012இல் ஆராயப்பட்டது. மழைநீரில் உள்ள கன ஹைட்ரஜனின் விகிதம் இடத்திற்கு இடம் வேறுபடும். குட்டையில் வளர்ந்த தும்பியின் சிறகில் அந்த விகிதம் பதிந்திருக்கும். மாலத்தீவில் பிடித்த தும்பிகளின் சிறகுகளைச் சோதித்ததில், அவை துணைக்கண்டத்தின் வடபகுதியைச் சார்ந்த நீரில் வளர்ந்தவை என்று தெரிந்தது. வட இந்தியாவின் சேற்றுக் குட்டையில் பிறந்த ஒன்று, கடலில் இறங்கும் முன்னரே நாட்டின் நீளத்தைக் கடந்துவிடுகிறது. வெவ்வேறு கண்டங்களில் பிடிக்கப்பட்ட இத்தும்பிகளின் மரபணுக்களை 2016இல் ஒப்பிட்டபோது, அவற்றிடையே கலப்பு நிகழ்ந்து வருவதற்கான சான்றுகள் கிடைத்தன. பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவில் வாழும் ஒரே தும்பி இனமும் இதுவே.

இந்த வழியில் வேறொரு பயணியும் உண்டு. அமூர் வல்லூறு என்னும் சிறு வேட்டைப்பறவை, சைபீரியாவிலிருந்தும் வடசீனத்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவுக்கு ஏறக்குறைய இதே காலத்தில் இந்தியா வழியாகக் கடல் கடக்கிறது. நடுக்கடலில் அதற்கு உணவாவது இத்தும்பிகளே என்று கருதப்படுகிறது. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் இப்பறவைகள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்ட செய்தி 2012இல் நாடெங்கும் பரவியது. ஊர்ச் சபைகளும் அரசும் தொண்டு நிறுவனங்களும் கைகோத்து மறு ஆண்டே அவ்வேட்டையை நிறுத்தின. பறவையைக் காக்க எடுத்த முயற்சி பாராட்டுக்குரியது. பறவையின் வழியுணவு பிறக்கும் குட்டையைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

குட்டையைப் பொறுத்தவரை அலுவலர்களுக்கு உள்ள கடமை வேறு. தேங்கிய நீர் என்றால் சுகாதாரத் துறைக்குக் கொசுவே முதலில் நினைவிற்கு வரும். அது நியாயமே, மலேரியாவும் டெங்கும் விளையாட்டல்ல. ஆனால் எல்லாத் தேக்கமும் ஒன்றன்று. வெப்பக் காலத்தில் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும். தும்பிக்கோ ஒரு மாதத்திற்கு மேல் வேண்டும். ஆகவே பத்து, பதினைந்து நாட்களில் வற்றும் சாலையோரத் தேக்கம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி ஆகியவற்றில் தும்பி வந்து கொசுவைத் தின்னும் என்று காத்திருப்பது பேதைமை. அவற்றை வடித்தும் கவிழ்த்தும் விடுவதே சரி. ஒன்றிரண்டு மாதம் நிற்கும் வயலோரப் பள்ளம், மேய்ச்சல் நிலக் குட்டை, பழைய மண்குழி ஆகியவற்றின் நிலைமை மாறானது. முதல் சில வாரங்களில் அங்குக் கொசுப்புழு மிகுந்திருக்கலாம். பின்னர்த் தும்பியின் இளவுயிரியும் நீர் வண்டும் பிற வேட்டைப் பூச்சிகளும் பெருகி அதனைக் குறைக்கின்றன.

அத்தகைய குட்டையில் எந்த மருந்தை இடுவது என்பது சிந்தித்துச் செய்ய வேண்டிய செயல். பி.டி.ஐ. எனச் சுருக்கமாக வழங்கும் நுண்ணுயிர் மருந்து, கொசுப்புழுவையும் அதற்கு நெருங்கிய சில ஈக்களின் புழுக்களையும் மட்டுமே பெரும்பாலும் கொல்லும். டெமிஃபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை இரசாயனம் பிற நீர்ப்பூச்சிகளையும் தாக்கக்கூடியது. வேட்டைப் பூச்சிகள் மாண்டால், அடுத்த மழையில் முதலில் திரும்பி வருவது குறுகிய காலத்தில் பெருகும் கொசுவே, தும்பி பின்தங்கிவிடும். பிறகு மீண்டும் மருந்து, மீண்டும் செலவு. கம்பூசியா மீனின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. கொசுவை ஒழிக்க 1928இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட இந்த அயல்நாட்டு மீன், கொசுப்புழுவோடு நில்லாமல் நாட்டு நீரிலுள்ள பிற சிற்றுயிர்களையும் உண்பதாகப் பல இடங்களில் அறியப்பட்டிருக்கிறது.

தும்பியைக் கொண்டே கொசுவைக் கட்டுப்படுத்த இயலுமா என்பதைச் சோதித்த ஒரு முன்னோடி முயற்சி, முன்பு ரங்கூன் எனப்பட்ட யாங்கோனில் நடந்தது. 1990இல் அதன் முடிவுகள் வெளியாயின. மழைக்காலத்தில், மக்கள் பங்கேற்புடன், வீடுகளின் நீர்க்கலங்களில் குரோகோதெமிஸ் செர்விலியா என்னும் சிவப்புத் தும்பியின் பாதி வளர்ந்த இளவுயிரிகள் அவ்வப்போது விடப்பட்டன. டெங்கு பரப்பும் கொசுவின் புழுக்கள் இரண்டு மூன்று வாரங்களில் மிகக் குறைந்தன. பறக்கும் கொசுக்களும் ஆறு வாரங்களில் படிப்படியாகக் குறைந்தன. அந்தச் சிவப்புத் தும்பி இந்தியாவிலும் சாதாரணமாகக் காணப்படுவது. எனினும் இந்த வெற்றியை அப்படியே எல்லா இடத்திற்கும் பொருத்திவிட முடியாது. இளவுயிரிகளை வளர்ப்பதற்கும், வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பதற்கும், வீட்டார் அவற்றைக் கொட்டிவிடாமல் இருப்பதற்கும் இடையறாத உழைப்பு தேவைப்படும். குட்டையில் தாமாகவே வளரும் தும்பிகளைக் கெடுக்காமல் விடுவதற்கு அத்தகைய உழைப்பும் வேண்டியதில்லை.

வேளாண்மைத் துறைக்கும் இதில் பங்குண்டு. நெல் வயலும் இத்தும்பிக்கு ஒரு மழைக் குட்டைதான். ஜப்பானில் வயல்வெளிகளின் அடையாளமாகவே மக்கள் போற்றிவந்த செந்தும்பி ஒன்று 1990களிலிருந்து பல வட்டாரங்களில் பெரிதும் குறைந்தது. நாற்றங்கால் தட்டுகளில் இடப்பட்ட ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிமருந்துகள் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இந்திய நெல் வயல்களிலும் இவ்விரு மருந்துகளும் பயன்படுகின்றன. தேவையுள்ளபோது மட்டும், தேவையான அளவே இடுவது என்ற பரிந்துரை உழவரின் பணப்பைக்காகச் சொல்லப்படுவது. அதே பரிந்துரை தும்பிக்கும் நன்மை செய்யும்.

சட்டமும் இக்குட்டைகளுக்குப் பெரிதும் துணை வருவதில்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் நெல் வயல்களையும், குடிநீர், பாசனம் முதலியவற்றுக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் தம் வரம்பிலிருந்து விலக்கியிருக்கின்றன. எஞ்சிய தாழ்நிலம், ஊராட்சியின் பார்வையில் பெரும்பாலும் குப்பை கொட்டவும் மண்ணடித்து மேடாக்கவும் ஏற்ற இடமாகவே இருந்து வருகிறது. மற்றொரு தீங்கு அதிகம் கவனிக்கப்படாதது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அலைகள் கிடைமட்டமாக ஒழுங்குபடுகின்றன. அதைக் கொண்டே தும்பி நீரை அடையாளம் காண்கிறது. தார்ச்சாலை, காரின் பளபளக்கும் மேற்புறம், விரித்துவைத்த கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஆகியவையும் அவ்வாறே ஒளியைத் தெறிப்பதால், அவற்றை நீரென்று மயங்கித் தும்பிகள் முட்டையிடுகின்றன. நிறுத்திவைத்த காரின்மேல் ஒரு தும்பி வயிற்றைத் தொட்டுத் தொட்டு எழுவதைக் கண்டோர் அதனை விளையாட்டென்று எண்ணியிருக்கக்கூடும். அந்த முட்டைகள் வெயிலில் கருகிப்போகின்றன.

குறிப்பிட்ட ஒரு குட்டையில் மருந்திடலாமா, அதனைத் தூர்க்கலாமா என்று முடிவு செய்வதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பள்ளி, கல்லூரி மாணவர்களே இப்பணியைச் செய்யலாம். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வாரம் ஒருமுறை, விடிந்த சில மணி நேரத்திற்குள், கரையோரப் புல்லிலும் கோரையிலும் ஒட்டியிருக்கும் வெறுந்தோல்களை எண்ணி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த வாரக் கணக்கில் அவையே மீண்டும் சேர்ந்துவிடும். காற்றும் மழையும் அவற்றைக் கலைத்துவிடுவதால் நேரந்தவறாமை முக்கியம். அதே நாளில் ஒரு கைப்பிடிக் கரண்டியால் கரையோர நீரைப் பத்து இடங்களில் முகந்து, கொசுப்புழுக்களையும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். தோல்கள் கூடக் கூடப் புழுக்கள் குறைந்து வருமானால், அந்தக் குட்டை தன் வேலையைத் தானே செய்து வருகிறது என்பதற்கு அதுவே சான்று. தோல் ஒன்றுமில்லாமல் புழு மட்டும் மிகுந்திருந்தால் சுகாதார ஆய்வாளருக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். இவ்விரு எண்களையும் தேதி, இடம், நீரின் ஆழம் ஆகியவற்றோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அக்டோபரில் குட்டை வற்றும்போது கணக்கும் முடியும். அங்குப் பிறந்த தும்பிகள் அதற்குள் தெற்கே கடலை நோக்கிப் புறப்பட்டிருக்கும்.